தும்மல் வராத வயல்

அத்தியாயம் 6

கதவைக் காற்று சாத்தலாம். பூட்டைக் காற்று போடாது.

வெளியே பூட்டு விழுந்த சத்தத்தை இருவருமே கேட்டார்கள். சித்தி கையிலிருந்த நோட்டை மூடினாள். ஸ்டெப்னி ஓடிப்போய் இரும்புக் கதவைத் தள்ளிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், தோளால் ஒரு முறை மோதியும் பார்த்தான். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளுக்கு ஆனது.

"சித்தி, நம்மளை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

"எனக்கும் காது கேக்கும்டா. பூட்டையும் சாவியையும் வெளியே கொண்டியிலேயே தொங்கவிட்டுட்டு வந்தது யாரு?"

"கைய நீட்டிக் குத்தம் சொல்ற நேரமா இது?"

"நீதான்னு ஒத்துக்கிட்டா கைய மடக்கிக்கிறேன்."

சித்திக்கு ஐம்பத்து நாலு வயது. பயிர்க் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பதினான்கு வருஷம் சேதம் மதிப்பிட்டவள். எந்த வயல் நிஜமாகவே அழுகிறது, எந்த வயல் அழுவதுபோல் நடிக்கிறது என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுவாள். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டவன் அவளுடைய அக்கா மகன். முப்பத்தேழு வயது, நெற்றி உச்சி வரை ஏறிவிட்டது. முன்பு பார்த்த எல்லா வேலையிலும் யாராவது லீவு போட்டால் மட்டுமே கூப்பிடப்பட்டவன். அதனால் ஸ்டெப்னி.

அவர்கள் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு மக்காச்சோளப் பண்ணையின் மருந்து அறையில். சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, ஒரே ஒரு கதவு. வயல் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வலை அடித்த காற்றுத் துவாரம். எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். அலமாரிகளில் பூஞ்சாண மருந்துக் கேன்கள், அதோடு கலக்கும் ஒட்டுத் திரவம், கழுவி ஓட்டை போட்ட காலிக் கேன்கள். கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கதவில் எழுதியிருந்ததால், இருவருடைய கைபேசிகளும் வெளியே முக்காலி மேலிருந்த பிளாஸ்டிக் கூடையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

மணி இரண்டு இருபது. நாலு மணிக்கு வயலுக்கு மருந்தடிக்கப் போகிறார்கள். அதற்குள் வெளியே போகாவிட்டால் இந்த வழக்கை விசாரித்தும் பிரயோஜனமில்லை.

பூட்டு விழுந்து ஒரு நிமிஷம் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"கரண்ட் வந்துடுச்சு" என்றான் ஸ்டெப்னி.

"போகவே இல்லையே" என்றாள் சித்தி. அடைத்த அறை என்றால் அவளுக்கு ஆகாது. உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போதும் அடித்துக்கொண்டது. அதை அக்கா மகனிடம் காட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான் என்பதால் நோட்டை மறுபடி திறந்துகொண்டாள்.

*

வழக்கைக் கொண்டுவந்தவன் இந்தப் பண்ணையின் மாப்பிள்ளை. அதாவது, பண்ணை முதலாளியின் இளைய மகளைக் கட்டிக்கொண்டு, எட்டு வருஷமாக மாமனார் வீட்டிலேயே இருந்து, அறுபது ஏக்கரையும் பார்த்துக்கொள்பவன். இரண்டு நாளைக்கு முன் சித்தியின் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவன் எல்லா நாற்காலியிலும் அப்படித்தான் உட்காருவான் என்று பிறகு தெரிந்தது.

அவன் சொன்னது இதுதான். போன வருஷம் மருந்தடித்தார்கள். அறுவடையில் மட்டையை உரித்துப் பார்த்தால் கட்டைவிரல் அளவுக்குக் கதிர். வெளியே முழ நீளத்துக்கு உறை, உள்ளே ஒன்றுமில்லை. பழி மாப்பிள்ளை தலையில் விழுந்தது. இந்த வருஷமும் அப்படி ஆனால் பண்ணையை மூத்த மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு இவனை வெளியே அனுப்புவதாக மாமனார் சாப்பாட்டு மேசையில் வைத்து, மகள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"என் சகலைதான் மருந்துல எதையோ கலந்திருக்கணும் மேடம். வேற யாருக்கு லாபம்?" என்றான்.

"மருந்தடிக்கணுமா வேண்டாமான்னு யாரு முடிவு பண்றது?"

"நோட்டுதான். திங்கள், வியாழன் வயலுக்குள்ள போய் இருபது செடி பார்க்கணும். எத்தனை செடியில இலைப் புள்ளி நோய் இருக்கு, எந்த இலை வரைக்கும் ஏறியிருக்கு, உச்சியில பூ விரிஞ்சு பொடி உதிருதா, எல்லாத்தையும் எழுதணும். பாதிக்கு மேல செடியில புள்ளி, பூவும் விரிஞ்சாச்சுன்னா வயல் முனைக் கம்பத்துல சிவப்புத் துணி கட்டுவோம். டிரைவர் துணியைப் பார்த்துத்தான் டிராக்டரை இறக்குவாரு."

"எண்றது நீங்களா?"

"என் மனைவி. சின்ன வயசுலேருந்து வயலைப் பார்க்கிறவ. எனக்கு அந்தப் பூப்பொடி ஆகாது. ரோட்டுல நின்னாலே தும்மித் தள்ளிடுவேன். போன வருஷம் மருந்தடிச்ச அன்னைக்கு மட்டும் டிரைவருக்கு வழி காட்ட வயல் நடுவுல மூணு மணி நேரம் நின்னேன். ஒரு தும்மல்கூட வரலை. அன்னைக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்."

"எனக்கும் அதே வியாதி சார். கை குடுங்க" என்று ஸ்டெப்னி எழுந்து கை கொடுத்தான். சித்தி அவனை முறைத்து உட்காரவைத்தாள்.

இன்று காலை பண்ணைக்கு வந்தபோது ரோட்டோரம் உச்சிப் பூ எல்லாம் விரிந்து நின்றது. ஸ்டெப்னி காரை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டுவதற்குள் பதினோரு தும்மல் போட்டான். சித்தி எண்ணினாள். அவர்களை உட்காரவைத்து மாப்பிள்ளை காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டில் கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. மாப்பிள்ளை காபியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். பாதிக் காபி மேசையில், மீதி ஸ்டெப்னியின் சட்டையில்.

"மாமா மூணாவது ஹாரன் அடிக்கிறதுக்குள்ள திறந்துடணும். அவருக்குக் காத்திருக்கப் பிடிக்காது" என்று திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னான். அவன் மனைவி ஒரு துணியை எடுத்து வந்து மேசையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மாமனார் வந்த வேகத்தில் வெளியே கிளம்பினார். மாப்பிள்ளை மறுபடி ஓடிக் கேட்டைத் திறந்தான். மருந்து அறையின் சாவியைக் கொடுத்து, "இன்னைக்கு விட்டா மருந்தடிக்கிற வண்டி எட்டு நாள் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள புள்ளி மேல ஏறிட்டா பயிர் போயிடும். தப்பா அடிச்சாலும் போயிடும். நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க மேடம்" என்றான். அடித்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து என்ற இடத்தில் அவன் நின்றான்.

*

"கலப்படம் இல்லை" என்றாள் சித்தி இப்போது. "கேன்ல சீல் சரியா இருக்கு. போன வருஷக் காலிக் கேனும் கணக்குக்குச் சரியா இருக்கு. சகலை இந்த அறைக்குள்ள கால் வச்சதுக்கு ஒரு அடையாளமும் இல்லை."

"அப்ப நம்மளைப் பூட்டினது?"

"அவரும் இல்லை."

"அது எப்படி அடிச்சுச் சொல்றீங்க? வில்லன்னா பூட்டத்தான் செய்வான்."

"பூட்டுவான். பூட்டிட்டு ஃபேனைப் போட்டுட்டுப் போவானா? சுவிட்ச் வெளியே இருக்கு. மருந்து நெடியில நாம மயங்கி விழுந்துடக் கூடாதுன்னு ஒருத்தர் கவலைப்பட்டிருக்காங்க. நம்ம மேல இவ்வளவு அக்கறை உள்ள எதிரியை நான் பார்த்ததில்லை."

ஸ்டெப்னி மேலே பார்த்தான். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ள, அதற்கு ஈடாக வயல் காற்று கம்பி வலை வழியாகக் குபுகுபுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் நேராக அந்தத் துவாரத்துக்குக் கீழே போய் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

"சித்தி, ஜெயில்ல ஏசி போட்ட மாதிரி இருக்கு. கம்பி எண்றதுன்னு முடிவாயிட்டா இந்தப் பக்கமா வந்து எண்ணுங்க."

சித்தி மருந்து அலமாரியில் கிடைத்த அந்த வயல் நோட்டைப் படித்தாள். நேற்று முன்தினம் தேதி போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: இருபதுக்குப் பதினான்கு செடியில் புள்ளி. கதிருக்குக் கீழே மூன்றாவது இலை வரை. வயல் முழுக்க உச்சிப் பூ விரிந்து பொடி உதிர்கிறது.

பக்கத்தைப் புரட்டினாள். போன வருஷம், மருந்தடித்த நாள். அதே கையெழுத்து, கிட்டத்தட்ட அதே வரிகள்.

"என்ன படிக்கிறீங்க? விடுகதையா?"

"ஆமா. நீ எவ்வளவு நேரமா அங்க நிக்கிற?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வயல்தான். அறுபது ஏக்கர் சோளம். வேற என்ன, கடலா இருக்கும்?"

"காத்து எங்கேருந்து வருது?"

"வயல்லேருந்து." அவன் குரலில் இருந்த விளையாட்டுத்தனம் கொஞ்சம் குறைந்தது. "ஏன் சித்தி?"

"தும்முடா."

"என்னது?"

"ஒரு தும்மல் போடேன்."

ஸ்டெப்னி மூக்கைச் சுருக்கினான், வாயைத் திறந்தான், கண்ணை மூடினான். மூச்சை நன்றாக இழுத்து விட்டான். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவன் மாதிரி கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"வரலை சித்தி."

"வராது. ரோட்டுல அஞ்சு நிமிஷத்துல பதினோரு தும்மல். இங்க மொத்த வயல் காத்தும் உன் மூக்குல வந்து விழுது, ஒண்ணுகூட இல்லை. வயல் முழுக்கப் பூ விரிஞ்சு பொடி உதிருதுன்னு நோட்டு சொல்லுது. உன் மூக்கு இல்லைங்குது. எனக்கு இன்னைக்கு உன் மூக்கு மேலதான் நம்பிக்கை."

"வாழ்க்கையில முதல் தடவையா என்னோட ஒரு உறுப்பை நம்புறீங்க."

அவன் ஒரு காலிப் பீப்பாயை உருட்டி வந்து, ஏறி நின்று வலை வழியாகப் பார்த்தான். அவன் பேசாமலிருந்தது அன்றைக்கு அதுவே முதல் தடவை.

"ரோட்டோரமா நாலு வரிசை மட்டும் உச்சியில பூவோட மஞ்சளா நிக்குது. மத்தது எல்லாம் வெறும் பச்சை. உச்சியில ஒண்ணும் இல்லை. இலை சுருண்டு கூம்பாத்தான் இருக்கு."

"ரோட்டுல போறவங்க பார்த்து மெச்சணும்னு மாமனார் அந்த நாலு வரிசையை மட்டும் பத்து நாள் முன்னாடியே விதைக்கச் சொல்லுவாராம். மாப்பிள்ளைதான் காலைல பெருமையாச் சொன்னாரே. தும்மலுக்குப் பயந்து அவரு ரோட்டுல நின்னுதான் வயலைப் பார்ப்பாரு. மாமனார் கார்ல இருந்தே பார்ப்பாரு. டிரைவர் துணியைப் பார்ப்பாரு. உள்ள போய்ப் பார்க்கிறது ஒரே ஒரு ஆளு."

"நாலு வரிசைப் பூவைக் காட்டி மொத்தக் குடும்பத்துக்கும் காதுல பூ சுத்தியிருக்காங்க" என்றான் ஸ்டெப்னி. "ஆனா பூ வராம அடிச்சா என்ன ஆகும்? மருந்து மருந்துதானே?"

"பூ வெளிய வர்றதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள கதிர் உருவாகிட்டிருக்கும். அந்த நேரத்துல இந்த ஒட்டுத் திரவத்தைக் கலந்து மேல ஊத்தினா, கதிர் அப்படியே வளர்ச்சி நின்னுடலாம். வெளிய உறை மட்டும் வளரும். மருந்து நல்ல மருந்துதான், அடிக்கிற நாள்தான் தப்பு. போன வருஷம் நடந்ததும் அதுதான், இன்னைக்கு நாலு மணிக்கு நடக்கப்போறதும் அதுதான். புள்ளி எண்ணிக்கை உண்மை. பூவைப் பத்தி எழுதின வரி மட்டும் பொய்."

ஸ்டெப்னி பீப்பாயிலிருந்து இறங்கினான். "அந்தம்மாவா? மேசையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்களே, அவங்களா? புருஷன் பேரை அவங்களே ஏன் கெடுக்கணும்?"

"அதைக் கேக்கணும்னா வெளிய போகணும்."

வெளியே டிராக்டர் உறுமியது. தண்ணீர் டாங்கில் விழும் சத்தம் கேட்டது. ஸ்டெப்னி மறுபடி பீப்பாயில் ஏறி, வலையில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினான். இன்ஜின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. மணி மூன்று பத்து. கதவு, சுவர், கூரை என்று கண்ணை ஓடவிட்ட சித்தி, அலமாரிக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஓடிய ஒரு குழாயில் வந்து நின்றாள். கிணற்றுப் பக்கத்திலிருந்து உள்ளே வந்து, ஒரு வால்வைத் தாண்டி, மறுபடி வெளியே போனது அந்தக் குழாய். வெளியே போகும் பக்கத்தில்தான் டிராக்டர் நின்றது.

"நாம வெளிய போக முடியாது. சரி, வெளிய இருக்கிறவங்களை இங்க வர வைப்போம்" என்று வால்வை இறுக்கித் திருகினாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

*

இரண்டு நிமிஷத்தில் இன்ஜினும் நின்றது. செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

"அம்மா, டாங்கு பாதிதான் ரொம்பியிருக்கு. தண்ணி நின்னுபோச்சு. வால்வைப் பார்க்கணும், கதவைத் திறங்க" என்றது டிரைவரின் குரல்.

யாரிடம் பேசுகிறார் என்று ஸ்டெப்னி புருவத்தை உயர்த்தினான். கதவுக்கு வெளியே, மிக அருகில், ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது. "சாவி எங்கேன்னு தெரியலண்ணே."

இவ்வளவு நேரமும் அவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.

"அப்ப நான் போய் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்" என்று செருப்புச் சத்தம் விலகியது.

சித்தி கதவருகே போனாள். கதவு சூடாக இருந்தது. "வால்வு எங்ககிட்ட இருக்கும்மா. சாவி உங்ககிட்ட இருக்கு. ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டிருக்கோம்."

"ஃபேன் போட்டதுக்கு நன்றி" என்றான் ஸ்டெப்னி.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான்..." என்றாள் அவள் வெளியிலிருந்து. "அடிச்சு முடிச்சதும் திறந்து விட்டிருப்பேன் மேடம். சத்தியமா."

"அப்பத் திறந்தா வயல் போயிருக்கும். எதுக்கும்மா?"

அவள் பேசினாள், யாரும் கேட்காமல் பல வருஷம் சேர்த்து வைத்ததை ஒரேயடியாகக் கொட்டுகிற வேகத்தில்.

"விதைப் பரிசோதனைக் கூடத்துல எனக்கு வேலை கிடைச்சுது. வேற ஊரு. மூணு தடவை கிடைச்சுது. ஒவ்வொரு தடவையும் இவரு, 'ஒரே ஒரு நல்ல அறுவடை காட்டிட்டுத் தலை நிமிர்ந்து போவோம்'னாரு. ஆறு நல்ல அறுவடை ஆச்சு மேடம். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அப்பா இன்னும் பத்து ஏக்கரைக் குடுப்பாரு, இவரு இன்னும் ஒரு வருஷம்பாரு. சாப்பிடும்போதுகூட இவருக்கு ஹாரன் சத்தத்துலதான் காது இருக்கும். ராத்திரித் தூக்கத்துலகூட ஹாரன்னு எழுந்து உட்காருவாரு. நான் பிறந்த வீடு இது. இதுல என் புருஷன் வேலைக்காரனா நிக்கிறதை எட்டு வருஷமாப் பார்க்கிறேன். நல்லா விளைஞ்சா விடமாட்டாங்க. விளையலைன்னாலாவது அப்பா துரத்திவிடுவாருன்னு..."

"போன வருஷம் விளையலை. துரத்தினாரா?"

"இல்லை. திட்டினாரு. இவரு இன்னும் குனிஞ்சுட்டாரு." அவள் அழுதாள். "அதான் இன்னொரு தடவை."

சித்தி பூட்டிய கதவைப் பார்த்தாள். பூட்டிய பக்கம் நிற்பவள்தான் தன்னைவிட அதிகமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லணும்மா. அவரு என்னைக் கூப்பிட்டதே இதுக்குத்தான்."

"சொல்லுங்க. சொன்னா என் முகத்துலகூட முழிக்க மாட்டாரு. பரவாயில்லை."

"ஆனா சொல்றதுக்கு அவசியம் இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்" என்றாள் சித்தி.

ஸ்டெப்னி திரும்பிப் பார்த்தான். கதவின் அடி இடுக்கில் இன்னொருவரின் கால் நிழல் வெகு நேரமாகத் தெரிந்தது. சித்தி குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"போன வருஷம் வயல் நடுவுல மூணு மணி நேரம் நின்னேன், ஒரு தும்மல்கூட வரலைன்னு என்கிட்ட சொன்னது யாரு? நான் கேக்கவே இல்லை. அவராச் சொன்னாரு. ரோட்டுல நின்னாலே தும்முற ஆளு, பொடி உதிர்ற வயல்ல நின்னு தும்மலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியாதா? நாலு வரிசை முன்னாடியே விதைச்ச கதையையும் அவரேதான் சொன்னாரு. சகலையைக் குத்தம் சொன்னப்ப அவரு முகத்துல கோபமே இல்லை. யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லணுமேன்னு சொன்னாரு. இந்த அறைச் சாவியை அவரு குடுத்தது மருந்தைப் பார்க்க இல்லை, இந்த நோட்டைப் பார்க்க. ரொம்ப நேரமா அங்க நிக்கிறீங்களே தம்பி, நான் சொல்றது சரிதானே?"

கதவுக்கு வெளியே ஒரு ஆண் குரல்.

"சரிதான் மேடம்."

"என்னங்க..." என்றாள் அவள்.

"அன்னைக்கு வயல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு" என்றான் மாப்பிள்ளை. "அரை மணி நேரத்துலேயே தெரிஞ்சுது. வண்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா ஏன்னு மாமா கேப்பாரு. நோட்டு எழுதினது நீ. அதான் அடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஒரு வருஷம் திட்டு வாங்கினீங்களே."

"உன்கிட்ட கேக்கலாம்னு தினமும் நினைப்பேன். கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் ஏன்னு கேக்கணும். ஏன்னு எனக்குத் தெரியும். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அதான் வெளி ஆளைக் கூட்டிட்டு வந்தேன். எனக்குத் தைரியம் இல்லைம்மா."

பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணில் குத்தியது. அவள்தான் திறந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் சாவியைச் சித்தியின் கையில் வைத்தாள். மாப்பிள்ளை இரண்டடி தள்ளி, அவனுக்குப் பின்னால் டிரைவர். எதைக் கேட்டோம், எதைக் கேட்காததுபோல் இருக்க வேண்டும் என்று தெரியாமல் டிரைவர் தன் தொப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மேடம், அடிக்கிறதா வேண்டாமா? இன்னைக்கு விட்டா எட்டு நாள் நான் அடுத்த பண்ணையில இருப்பேன்" என்றார் தொப்பியிடம்.

"எட்டு நாள் கழிச்சே வாங்க. அதுதான் சரியான நேரம். அப்ப உள்ள இருக்கிற வரிசையெல்லாம் பூவெடுத்து, கதிர்ல நூலும் வந்திருக்கும். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எண்ணணும். புள்ளி மேல ஏறிட்டிருந்தா அடிங்க. கீழ் இலையோட நின்னுட்டா சும்மா விடுங்க." சித்தி மாப்பிள்ளையைப் பார்த்தாள். "அந்தத் தடவை ரோட்டுல நின்னு முடிவு பண்ணாதீங்க. மூக்கைக் கட்டிக்கிட்டாவது உள்ள போய்ப் பாருங்க."

"நான் வேணா வாடகைக்கு வரேன்" என்றான் ஸ்டெப்னி. "ஒரு தும்மல், பூ வந்தாச்சு. தும்மல் இல்லை, வரலை. என் மூக்குக்கு உத்தரவாதம் உண்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

மாப்பிள்ளை வயல் முனைக் கம்பத்துக்கு நடந்தான். சிவப்புத் துணி இரட்டை முடிச்சில் இறுகக் கட்டியிருந்தது. நகத்தால் நெம்பினான். வரவில்லை.

"எட்டு நாள் கழிச்சு யாராவது எண்ணிப் பார்த்து அடிக்கட்டும்" என்றான் முடிச்சைப் பார்த்தபடியே. "நாம இருக்க வேண்டாம். அந்த வேலை இன்னும் இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கேட்டுப் பக்கம் ஹாரன் அடித்தது.

எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் வலது கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. சித்தி பார்த்தாள். அவன் மனைவியும் பார்த்தாள். அவன் அந்தக் காலை எடுத்து மறுபடி கம்பத்தின் பக்கம் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது ஹாரன்.

"இருக்கா?" என்று மறுபடி கேட்டான்.

"கேட்டுப் பார்க்கணும்" என்றாள் அவள். "இருக்கும்னு நினைக்கிறேன்."

மூன்றாவது ஹாரன் அடித்தது. ஸ்டெப்னி பழக்கதோஷத்தில் கேட்டுப் பக்கம் கிளம்பினான். சித்தி அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். "உன்னை யாரும் கூப்பிடலை."

"நம்ம கைபேசியையாவது கூடையில இருந்து எடுத்துக்கலாமா?"

"பேசாம நில்லுடா."

நான்காவது ஹாரன் நீளமாக, நிறுத்தாமல் அடித்தது. பிறகு ஓய்ந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சில்தான் இருந்தன. அவள் பக்கத்தில் வந்து, தான் போட்ட முடிச்சின் ஒரு முனையை எங்கே இழுக்க வேண்டும் என்று காட்டினாள். துணி அவிழ்ந்து அவன் கைக்கு வந்தது.

கேட்டுப் பக்கம் கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர் அதைத் தேடித் தடவும் சத்தம்.